உச்சியில் முதல் மிதி

எட்டுப் பேர் சேர்ந்து ஐந்து நாள் பனிமலை ஏறினார்கள். நம்பினால் நம்புங்கள், நிஜமான போட்டி அவர்களில் ஒருவருடைய இரண்டு பூட்ஸுகளுக்கு நடுவேதான்.

"நாலு கணவாயிலயும் நீயே முந்திட்டே அண்ணே. உச்சியில முதல் மிதி என்னோடது" என்றது வலது பூட்ஸ்.

"பகல் கனவு காணாதடா தம்பி" என்றது இடது.

கடைசி ஏற்றத்தில் வலது தன் நாடாவை மூன்று முறை அவிழ்த்துக்கொண்டது. ஆள் நின்று, குனிந்து கட்டி, மறுபடி நடந்ததில் காலடிக் கணக்கு மாறியது. இதோ உச்சி! அடுத்த அடி தன்னுடையது என்று துள்ளியது வலது!

உச்சியில் குங்குமம் பூசிய கல் ஒன்று இருந்தது.

"சாமி இருக்கிற இடம்ப்பா, பூட்ஸைக் கழட்டுங்க!" என்றார் வழிகாட்டி.

எட்டுப் பேரும் வெறுங்காலோடு ஓடினார்கள். இரண்டு பூட்ஸும் பனியில் கிடந்தன.

பிறகு வலது மெல்லக் கனைத்தது.

"அண்ணே, இறங்கறப்ப முதல் அடி என்னோடது, ஆமா!"