நான்காவது படம்

இரத்தோட்டையின் மண்சரிவு அபாயம் பற்றிய ஆய்வுப் போஸ்டருக்காக, மாத்தளை அச்சகத்தில் பிரசாந்தி படங்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆய்வாளர் கிறிஷாந்த்.

“சேர், மூணு படந்தான் இருக்கு. ‘படம் 4: மண்சரிவுக்குப் பின் தொழிலாளர் லயம்’னும் எழுதியிருக்கீங்க. அத எடுத்திரவா?”

“வேணாம் மிஸ், இடம் விட்டு வைங்க. மாநாடு அடுத்த மாசந்தானே, மழையும் தொடங்கிருச்சு. வந்திரும்.”

“அங்க இருக்கிறவங்களுக்கு ஆபத்தச் சொல்லிட்டீங்களா?”

“மாநாடு முடிஞ்சதும் அறிக்கை குடுப்போம்.”

கோபத்தை அடக்கிக்கொண்டு மூன்றாம் படத்தைப் பெரிதாக்கினாள். வெடித்த லய வீட்டுச் சுவர். வாசலில், போன நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவுக்கு அவளே செய்து கொடுத்த நீலக் காகித நட்சத்திரம்.

அம்மாவுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கிறிஷாந்தின் ஃபோன் சிணுங்கியது.

“பாத்தீங்களா மிஸ், படம் நாலு வந்திருச்சு.”