அண்ணனின் தூண்டில்

கர்ர்க்... கர்ர்க்...

எலும்பை அறுப்பது மாதிரி ஒரு சத்தம். நிற்கும், மறுபடி தொடங்கும்.

குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். சத்தம் பின்பக்கக் கொட்டகையிலிருந்து வந்தது. கொழுந்தன் படுக்கிற இடம்.

பின்கதவில் தாழ்ப்பாள் உண்டு. துருவேறி இறுகிப்போன அது அவள் பலத்துக்கு அசையாது. கணவன்தான் தினம் ஒரே தள்ளில் போடுவான். மூன்று மாதத்துக்கு முன் பட்டறை மெஷின் அவன் வலது கட்டை விரலை விழுங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. தாழ்ப்பாளைப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பாள்? ராத்திரியானால் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிவிட்டுப் படுப்பாள்.

இந்த ஒரு மாதமாக அந்த நாற்காலி திருடனுக்கு மட்டுமில்லை, கொழுந்தனுக்கும் சேர்த்துத்தான்.

அவன் போக்கே சரியில்லை. பொழுது சாய்ந்தால் எங்கோ போகிறான். டீ கிளாஸ் கை நழுவுகிறது. சட்டைப் பொத்தான் துளை மாறி மாட்டியிருக்கிறது. போன வாரம் குழந்தையின் பால் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறேன் என்று போட்டு உடைத்தான். குடிதான், வேறென்ன? இனி குழந்தைப் பக்கம் வராதே என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். இன்று கணவனிடமும் அழுது தீர்த்தாள். அவன் "சரி, நாளைக்குப் பேசி அனுப்பிடறேன்" என்றிருந்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தவள் அப்படியே நின்றாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. தூண்டில் கோலைக் காணோம்.

முதல் சம்பளத்தில் கணவன் வாங்கிய கோல். கூடப் பிறந்த தம்பியைக்கூடத் தொட விட்டதில்லை. அதில் நூல் சுற்றிய ரீல் கோலின் மேல் உட்கார்ந்திருக்கும். வீசும்போது சுழலும் நூலைக் கட்டை விரலால் அழுத்தி அடக்க வேண்டும். விரல் போன பிறகு ஒரு நாள் முற்றத்தில் வீசிப் பார்த்தான். நூல் காக்கைக் கூடாகச் சிக்கிக்கொண்டது. பேசாமல் மாட்டிவிட்டான். மாட்டினானே தவிர, காலையில் எழுந்ததும் அதன் எதிரில்தான் உட்காருவான். அதுவும் போய்விட்டால் மனிதன் எதைப் பார்க்க எழுந்திருப்பான்?

நாற்காலியை நகர்த்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

கோல் மேஜையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் இறுக்கப்பட்டிருந்தது. நூல் ஓடும் வளையங்களை எல்லாம் சுரண்டி எடுத்திருந்தான். விழுந்த பற்கள் மாதிரி தரையில் கிடந்தன. கைப்பிடிக்கு அடியில் விரல் மாட்டும் கொக்கி அறுபட்டுத் தனியாகக் கிடந்தது. அவளைக் கண்டதும் கொழுந்தன் ரம்பத்தைப் போட்டுவிட்டு வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"பாவி. அவருக்கு விரல் போன மூணு மாசத்துல அவர் பொருளைக் கூறு போட்டுட்டியா?"

"சத்தம் போடாதீங்க அண்ணி. அண்ணன் எழுந்துடுவான். முடிச்சுட்டு நானே காட்டலாம்னு..."

அண்ணன் எழுந்து வந்து கொட்டகை வாசலில் நின்றிருந்தான். குனிந்து இடது கையால் அந்தக் கொக்கியைப் பொறுக்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்டா?" அவ்வளவுதான் கேட்டான்.

தம்பி ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து புது ரீலை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது ஸ்பின்னிங் ரீல்ணா. மேல உட்காராது, அடியில தொங்கும். கோலைத் திருப்பிப் பிடிக்கணும். அப்போ அந்தக் கொக்கி உள்ளங்கையில குத்துது, அதான் அறுத்தேன். நூல் இதுல சுருள் சுருளா கிளம்பும், சின்ன வளையத்துல தட்டும். பெரிய வளையம் வாங்கி வச்சிருக்கேன், கட்டி ஒட்டணும். நூலை ஆள்காட்டி விரலால பிடிச்சு விட்டாப் போதும். கட்டை விரல் வேண்டாம்."

"பலிக்கலைன்னா? உள்ள கோலும் போச்சே" என்றாள் அவள்.

"பலிக்கும் அண்ணி. கடைக்காரர்கிட்ட இரவல் கோல் வாங்கி ஒரு மாசமா தினம் சாயங்காலம் வீசிப் பாத்துட்டுதான் இதுல கைவச்சேன்."

கணவன் கசப்பாகச் சிரித்தான். "உனக்கு அஞ்சு விரலும் இருக்கு. உனக்கு எப்படியும் வரும்."

கொழுந்தன் தயங்கினான். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தான்.

கட்டை விரல் உள்ளங்கையோடு மடக்கப்பட்டு, பிளாஸ்திரியால் சுற்றிச் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"அவிழ்த்துட்டா கை பழைய புத்திக்குப் போயிடுதுண்ணா. அதான் வீசும்போது மட்டுமில்லாம, வீட்டுல இருக்கற நேரமெல்லாம் கட்டியே வச்சிருந்தேன். வெளிய தெரியாம மடக்கி வச்சுக்குவேன்."

டீ கிளாஸ். பொத்தான். பால் பாட்டில். ஒவ்வொன்றாக வந்து அவள் கன்னத்தில் அறைந்தன.

கணவன் கொக்கியை மேஜைமேல் வைத்தான். "மிச்சத்தை நாளைக்கு ரெண்டு பேருமா பாத்துக்கலாம். இப்போ உள்ள வந்து படு" என்றான்.

கூடத்தில் கொழுந்தனுக்குப் பாய் விரித்தாள். குழந்தை சிணுங்கியது. "நீயே தூக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் பின்கதவுக்கு நாற்காலியை இழுக்கப் போனாள்.

"விடு" என்றான் கணவன்.

பையிலிருந்து வலது கையை எடுத்தான். முதல் தள்ளில் வழுக்கியது. இரண்டாவது தள்ளில், நான்கு விரல்களுக்கும் அடங்கி, தாழ்ப்பாள் விழுந்தது.