குளிர் வரட்டும்

கல் தோண்டிய பழைய குழியின் செங்குத்துச் சுவரில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டுமென்று ஷெரோன் துடித்தாள். பாறை ஏறப் பழக்கும் றஞ்சித் அண்ணையோ கயிற்றுச் சுருளை அவிழ்ப்பதாக இல்லை.

மழை நாளில், "கல் ஈரம். வழுக்கும்" என்றார்.

வெயில் நாளில், "கை வேர்க்கும், பிடி நிக்காது. குளிர் வரட்டும், ஷெரோன். அப்பதான் ஏறச் சுகம்" என்றார்.

தை பிறந்தது. மழை ஓய்ந்து, குளிர்காற்று வீசியது. மறுநாள் அவருக்குக் கனடாவுக்குத் திரும்பும் பயணம். ஷெரோன் விடியவே அவர் வீட்டுக்கு ஓடினாள்.

வேலிப் படலையைத் திறக்கவிடாமல் அவரின் தாய் தேவமலர் மறித்தார். "உந்தப் பனிக்குள்ளை என்ரை பிள்ளையை விடமாட்டன். மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சிடும்."

"அண்ணைக்கும் அந்தப் பயமோ, அன்ரி?"

"அவன்தானே மப்ளர் கேட்டு வாங்கினவன்."

கனடாவில் உறைந்த அருவிகளில் ஏறிப் பழகிய றஞ்சித் அண்ணை, உள்ளே காதுவரை மப்ளர் சுற்றி, கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.