மார்வீர்ட் சர்ச்சுக்கு மூன்று சுற்று

"பெரியம்மா, உள்ள போகக் கூடாது. இது கம்பெனி இடம்." காவலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியில் நின்றான்.

"கம்பெனி நேத்து வந்தது. நாங்க எண்ணூறு வருஷமா வர்றோம். தள்ளு."

ஃப்ரௌகேயின் சவப்பெட்டி எங்கள் தோளில் இருந்தது. ஆறு பேரும் நிற்காமல் நடந்தோம். பெட்டியை மறிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை, ஒதுங்கிவிட்டான்.

அடக்கம் டவுனில்தான். ஆனால் மார்வீர்ட்காரர் யார் செத்தாலும், மண்ணில் இறக்குவதற்கு முன்னால் எங்கள் சர்ச்சை மூன்று முறை வலம் வந்தாக வேண்டும்.

ஃப்ரௌகே ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மிரட்டியிருந்தாள். "சுத்தாம மட்டும் என்னை இறக்கிப் பாரு ஆல்ட்யே. ஒருத்தரையும் தூங்க விடமாட்டேன்."

செய்யக்கூடியவள்தான்.

மேட்டில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தோம். கடல் காற்று மூஞ்சியில் அறைந்தது. முதல் மூலையிலேயே, முன்னால் போன ரைண்ட் அவசரப்பட்டுத் திரும்பினான்.

"விலகித் திரும்புடா எருமை! தாங்குசுவர்ல பெட்டியை இடிக்கப் போற" என்றேன்.

எழுபது வயசுக்காரன், முணுமுணுத்துக்கொண்டே இரண்டடி தள்ளிப் போனான். கிழக்கே சுவர் வளைந்து போகும். அங்கே எல்லோரும் சின்னச் சின்ன அடியாக வைத்தோம்.

காவலாளி ஜீப்பில் பின்னாலேயே வந்து மேட்டு நடுவில் நிறுத்தினான். போனில் மேலதிகாரி கத்துவது எனக்கே கேட்டது.

இரண்டாவது சுற்றில் பக்கத்தில் வந்து நடந்தான்.

"ஏன் பெரியம்மா இவ்ளோ சுத்து? குறுக்கால போனா சீக்கிரம் முடிஞ்சிடுமே."

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"சுவத்துக்குள்ள பூந்து போகச் சொல்றியா?"

அவன் மேட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே புல்லைத் தவிர ஒன்றுமில்லை.

துறைமுகத்துக்கு இடம் வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊரையே காலி செய்தார்கள். சர்ச்சை ஒரே வாரத்தில் இடித்துக் கல்லை லாரியில் ஏற்றினார்கள். அந்தத் துறைமுகம் இன்றுவரை இந்த மேட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் ஆறு பேரும் இப்போது ஆறு ஊரில் மாடி வீடுகளில் கிடக்கிறோம். இருந்தாலும் யார் பெட்டியை யார் தூக்குவது என்பது அந்தப் பழைய தெருக் கணக்குத்தான். ஃப்ரௌகே வீட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு.

"உன் வண்டி பிரசங்க மேடை மேல நிக்குது தம்பி" என்றேன்.

அவன் கையில் போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

நாங்கள் மூன்றாவது சுற்றைத் தொடங்கினோம். அவன் ஜீப்பில் ஏறினான். கிளப்பிவிட்டு, நகராமல், கண்ணாடியை இறக்கினான்.

"பெரியம்மா, சர்ச் வாசல் எந்தப் பக்கம்?"

"மேற்கால."

வண்டியைத் திருப்பி, மெதுவாக, அந்த வழியாகவே வெளியே எடுத்தான்.

அவன் வாசலைத் தாண்டும் வரைக்கும் நாங்கள் பெட்டியோடு நின்று வழிவிட்டோம்.