வேலிக்குக் குளிருது

"அத்தான், உங்க வேலிக்கு ரொம்பக் குளிருதோ?"

கோரல் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயிலிருந்தெல்லாம் புகை புகையாக வந்தது.

அவளுடைய அக்கா புருஷன் ரஸ் மட்டும் சிரிக்கவில்லை. பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் ஜூலை மாதம்தான் நடுக் குளிர்காலம். மலையில் காலையிலேயே பனி விழுந்திருந்தது. குளிர்காலம் வந்தால், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ரஸ் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் சூப்பும் அரட்டையும் உண்டு. அதற்காகவே இந்த வருஷம் புதிதாக ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கியிருந்தார்.

வாங்கியதெல்லாம் சரி. அதன் முகத்தை விருந்தாளிகள் பக்கம் வைக்காமல் பக்கத்து வீட்டு வேலிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். போதாக்குறைக்கு அந்த வேலியில் இரண்டு பலகைகளை வேறு பிடுங்கிப் போட்டிருந்தார். அந்த வழியாக வந்த காற்று எல்லோர் கழுத்திலும் ஏறி உட்கார்ந்தது.

"நாப்பது வருஷம் தச்சு வேலை பார்த்த ஆளு. சொந்த வேலியில ரெண்டு பலகை அடிக்க உடம்பு வணங்கல" என்றாள் அவர் மனைவி லினெட்.

"மரம் காயட்டும்னு விட்டிருக்கேன்."

"மூணு வாரமாவா?"

"ரொம்ப ஈரமான மரம்."

ரஸ்ஸோடு கூட வேலை பார்த்த க்ளைவ் கையுறையோடு கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "டேய், அடுத்த வாரம் நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறேன். அங்கதான் கதகதப்பா இருக்கும்."

ரஸ்ஸின் கரண்டி ஒரு நொடி நின்றது. "பேசாம குடிடா, ஆறிடும்."

"எல்லாரும் உள்ளே போயிடலாமே அத்தான்?"

"உள்ளே போனா சூப் ருசிக்காது."

லினெட் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஹீட்டரைத் திருப்பக் கை வைத்தாள்.

"தொடாதே!"

முப்பத்தைந்து வருஷத்தில் ரஸ் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அதுவும் நாலு பேர் முன்னால். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"சரி, தொடலை. பலகையை நானே அடிச்சுக்கறேன்."

சுத்தியலையும் இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வேலியை நோக்கிப் போனாள்.

நிலைமையைச் சமாளிக்க, மீன் பிடிக்கப் போன இடத்தில் தன் கால்சட்டையைத் தூண்டில் முள் இழுத்துக்கொண்டு போன கதையை ஆரம்பித்தான் க்ளைவ்.

முதல் பலகையைத் தூக்கிய லினெட் இடைவெளி வழியே அந்தப் பக்கம் பார்த்தாள்.

இரண்டு முழத் தூரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் பக்கத்து வீட்டு நெவில். கம்பளித் தொப்பி, மடியில் போர்வை, கையில் அவரே போட்டுக்கொண்ட டீ.

மார்ச்சில் மனைவி பெரில் இறந்துபோனதிலிருந்து அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. லினெட் நாலு தடவை கூப்பிட்டாள். நாலு தடவையும், "இன்னும் யார் முகத்தையும் பார்க்க முடியல லினெட், தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு காதை வேலிப் பக்கம் சாய்த்திருந்தார். ஹீட்டரின் சிவப்பு அவர் கன்னத்தில் விழுந்தது. க்ளைவின் கால்சட்டை தண்ணீரில் மிதந்து போன கட்டத்தில் அவர் தோள்கள் சத்தமில்லாமல் சிரிப்பில் குலுங்கின.

லினெட் பலகையை ஓசைப்படாமல் புல்லில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்னக்கா, அடிக்கலையா?"

"ஆணி பத்தலை" என்றாள். ரஸ்ஸை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, க்ளைவை உரசினாற்போல உட்கார்ந்தாள்.

"க்ளைவ், கொஞ்சம் உரக்கச் சொல்லேன். எனக்கு ஒண்ணுமே காதில விழலை."