ஆள் வந்தால் எரியும் விளக்கு

காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சமையலறை விளக்கு தானாக எரிந்தது. மனைவி போன பிறகு தினமும் இப்படித்தான்.

இந்த விளக்குகளை மாட்டுவதுதான் அவனுக்குத் தொழில். மனித உடம்பின் சூடு அலை அலையாக வெளியேறிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஆள் நடமாடினால் விளக்கு எரியும், இல்லையென்றால் அணைந்துவிடும்.

வீட்டைக் காலி செய்து அவனைக் கூட்டிப்போக மைத்துனன் வந்திருந்தான். அவனுக்கும் அதே தொழில்.

“சென்சார் மண்டையப் போட்டிருக்கும் மாமா” என்றவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நேத்துதான்டா புதுசு மாட்டினேன்.”

“அப்ப பல்லியா இருக்கும்.”

“பல்லி உடம்புல ஏதுடா சூடு?”

மைத்துனன் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தான். துடைத்த மேடையும் கவிழ்த்த பாத்திரங்களும்தான் தெரிந்தன. விளக்கு அணையவில்லை.

“மெயின அணைச்சுட்டுக் கிளம்பிடலாம் மாமா.” குரல் இறங்கியிருந்தது.

“நீ போ. நான் வரல.”

ஏன் என்று சொல்ல அவனுக்கு அலுப்பாக இருந்தது. அவள் கடைசியாக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். கேட்டவர்களுக்கும் அது போதுமாயிருந்தது. லாரி மோதிய அன்று, கடைக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது வேறு.

“அடுப்புல பால் இருக்கு, பாத்துக்குங்க. இதோ வந்துடறேன்.”