பதில் சொல்லாத வாய்

"மூச்சை இழுங்கம்மா... விடுங்க... அப்படியே நிறுத்துங்க."

"சரிம்மா" என்றேன்.

என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்கேன் எடுக்கிற பெண்ணுடையது.

"அம்மா, சரின்னு சொன்னா மூச்சு வெளிய வந்துடுதே."

"ஆமால்ல, இனிமே சொல்ல மாட்டேன்மா."

"இப்பவும் சொல்றீங்க."

நான் என்ன செய்வேன்? ஒருவர் ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று ஒரு குரல் வருமே, அதற்கே 'மூடும்மா' என்பேன்.

போன தடவையும் இதே எம்.ஆர்.ஐ. குகைக்குள் இதே கதைதான்.

என் கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது. மது என்றால் வாசனைகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து அப்படி ஆகுமாம். "இவளுக்குக் கொழுப்புன்னு நான் அப்பவே சொன்னேன் டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். அப்போதெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கல்லீரலில் ஒரு புள்ளி இருப்பதாக வயிற்று ஸ்கேன் காட்டியது. வெறும் தழும்பு முடிச்சாக இருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ.க்குள் படுக்கவைத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மருந்து போனதும் புள்ளி பளிச்சென்று மின்னி, பிறகு கறுத்தால் புற்று. மின்னாவிட்டால் பிழைத்தேன். அந்தச் சில நொடிகள் மட்டும் மூச்சுகூட அசையக் கூடாது.

போன தடவை சரியாக அந்த நொடியில்தான் 'சரிம்மா' என்றேன்.

படம் முழுக்க, ஈரக்கையால் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. மின்னியதா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. புள்ளி என் வயிற்றில். சோறு இறங்காதது என் வீட்டுக்காரருக்கு.

அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த வாரம் திடீரென்று வேறு ஆளாகிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோய், என் தம்பி வந்து பிரித்து மாட்டிக் கொடுத்திருந்தான். அது மெதுவாக ஓடுகிறதாம். "உன் தம்பி கைபட்டு எதுதான் உருப்பட்டிருக்கு? உங்க வீட்டு ஆளுங்களே அப்படித்தான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவர்! அதுவும் எனக்கு ஸ்கேன் இருக்கிற வாரத்தில்!

அதோடு நிறுத்தினேன் பேச்சை. தட்டை நங்கென்று வைப்பேன், அவ்வளவுதான்.

தம்பிக்குத்தான் ரோஷமே இல்லை. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னால், "விடுக்கா" என்று சிரிக்கிறான். இன்று காரில் எங்களைக் கூட்டிவரும்போது, முன்சீட்டில் அத்தானோடு அப்படி ஒரு குசுகுசுப்பு.

"அம்மா, மருந்து ஏத்தப் போறேன். ரெடியா?"

"ரெடிம்மா" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கைக்குள் ஜில்லென்று ஏறியது. கூடவே பயமும் ஏறியது. இந்தத் தடவையும் வாயைத் திறந்து தொலைத்தால்?

ஹெட்போன் கரகரத்தது.

"மூச்சை இழு."

அவர் குரல்!

"விடு... அப்படியே நிறுத்து."

பதிலா? இவருக்கா? உதட்டை ஒட்டிவைத்த மாதிரி மூடிக்கொண்டேன். மெஷின் டமடமவென்று இடித்தது. நான் கல்லாகக் கிடந்தேன்.

"இப்ப மூச்சு விடு."

விட்டேன். நீங்கள் சொல்லி விடவில்லை, நானாகத்தான் விட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுபடி இழு என்றார், மறுபடி நிறுத்து என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம், டாக்டர் அறையில் அவர் பக்கத்திலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் திரையைக் காட்டினார்.

"படம் அவ்வளவு தெளிவா வந்திருக்கு. புள்ளி மின்னவே இல்லை. வெறும் தழும்பு முடிச்சுதான். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடி தேஞ்சிடப் போகுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

வெளியே தம்பி காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். படத்தைக் கொடுக்க ஸ்கேன் பெண் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள்:

"அடுத்த தடவைக்கு என்ன சொல்லி சண்டை போடப் போறீங்க ஐயா?"

அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

தம்பி கார்ச் சாவியைத் தேடினான். சாவி அவன் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "கடிகாரம் நல்லாத்தான் ஓடுதுக்கா" என்று முணுமுணுத்தான்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உறைத்ததும் அவர் பக்கம் திரும்பி, அந்த வாரத்தின் முதல் பேச்சைப் பேசினேன்.

"அடுத்த தடவை முந்தின நாள் ஆரம்பிச்சாப் போதுங்க. ஒரு வாரமெல்லாம் என்னால முடியலை."